அம்மா போட்ட ரிட்டன் டிக்கெட்

துபாய்க்கு வேலைக்குப் போகப் பார்க்கிறேன் என்று நான் சொன்னபோது அப்பா ஒரு காலண்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேண்டாம்" என்றார். எங்கள் அப்பா ராஜபாண்டியன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருப்பவர். காலண்டர், பட்டாசுப் பெட்டி, லேபிள் என்று வருஷம் முழுக்க மிஷின் ஓடும். மிஷின்காரரிடம் "நீலம் தூக்கலா இருக்கு, குறைங்க" என்று சொல்கிற அதே குரலில்தான் எனக்கும் வேண்டாம் சொன்னார். ஏன் என்று கேட்டால் இன்னொரு தடவை வேண்டாம் என்பார், அவ்வளவுதான்.

நான் அந்தப் பிரஸ்ஸிலேயே டிசைன் செக்‌ஷனில் நாலு வருஷம் உட்கார்ந்தவள். எல்லாப் பட்டாசுப் பெட்டியிலும் ஒரு குழந்தை சிரிக்க வேண்டும், அதன் கையில் கம்பி மத்தாப்பு எரிய வேண்டும், எழுத்துக்குத் தீப்பிடித்திருக்க வேண்டும். "இந்த சீசனுக்குப் புதுசா ஏதாவது பண்ணுங்க" என்று வருகிற பார்ட்டி, புதுசாகப் பண்ணிக் காட்டினால் போன வருஷப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து "இது மாதிரி இருக்கட்டும்" என்பார். அலுத்துப்போய்விட்டது. சிங்கப்பூர், தோஹா, துபாய் என்று கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது தெரிந்து, மறுபடியும் வேண்டாம் என்றார்.

எனக்காக நின்றவள் அம்மா. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அவளை நான் அப்படிக் கொண்டாடினேன். யோகேஸ்வரி என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி அசையாமல் உட்கார்ந்து, மூன்று நாள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது நாள் அப்பா, "ஆத்தாளும் மகளும் என்னமும் பண்ணுங்க" என்று எழுந்து போனார். வேலையையும் அம்மாதான் கொண்டுவந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி துபாயில் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்துகிறார். பேரீச்சம்பழம், அத்தர், சாக்லேட், இதற்கெல்லாம் பெட்டி. அங்கே ஒரு டிசைனர் தேவையாம்.

"தெரிஞ்ச மனுசன், நம்ம ஆளு" என்றாள் அம்மா. "எவனோ முகம் தெரியாத கம்பெனிக்குப் போறதுக்கு இது தேவலைல்ல?"

அண்ணாச்சியே போனில் பேசினார். முதலில் இரண்டு மாத விசிட் விசாவில் வா, இடம் பழகட்டும், பிறகு வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். விசிட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பாதிப் பேர் அப்படித்தான் போய்ச் சேர்கிறார்கள் என்பதும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன்.

டிக்கெட் போட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சங்கிலிமுத்துவிடம் அம்மாவும் நானும் போனோம். அவர் இந்தப் பக்கத்து ஆட்கள் பலரை விமானம் ஏற்றியவர்.

"விசிட் விசாவுக்கு ரிட்டன் டிக்கெட் காட்டணும்மா. மதுரையிலயும் கேப்பாக, அங்கன எறங்குன பெறகும் கேப்பாக. அதுக்கு நாங்க டம்மி ஒண்ணு போட்டுக் குடுத்துருவோம். காட்டுறதுக்கு மட்டுந்தான். பாப்பா அங்கன போய்ச் சேந்ததும் அது தன்னால கேன்சலாயிரும். ஒங்க பிரஸ்ல பைண்டிங்ல இருந்தாரே வெள்ளைத்துரை, அவருக்கும் அப்பிடித்தான் போட்டேன். இன்னும் அங்கனதான் இருக்காரு."

"டம்மி வேண்டாம்" என்றாள் அம்மா. "பொய் டிக்கெட்ட வச்சு எம் மகள அனுப்ப மாட்டேன். நெசமானதாப் போடுங்க."

"திரும்பி வராத ஆளுக்கு எதுக்கும்மா நெச டிக்கெட்டு? வீணு."

"நீங்க போடுங்க."

தேதியையும் அம்மாதான் சொன்னாள். என் அம்மா எவ்வளவு நேர்மையானவள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சங்கிலிமுத்துவின் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று வருகிறது. என் கையைத்தான்.

துபாயில் முதல் வாரம் அண்ணாச்சி எனக்கு வேலையே தரவில்லை. "ஊரச் சுத்திப் பாரு பாப்பா, என்ன அவசரம்?" என்றார். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சும்மா உட்கார எனக்கு வராது. ஒரு பேரீச்சம்பழக் கம்பெனி, மூலை வெடிக்கிறது என்று ஒரு லோடு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தது. யாரும் கேட்காமலே அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையின் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தது. மடிப்பு வரைபடத்தைத் திருப்பிப் போட்டேன். அப்படியே மேல் டிசைனையும் மாற்றிவிட்டேன். ஒட்டகமும் நிலாவும் போய், பழத்தின் தோல் நிறத்தில் வெறும் பெட்டி, ஓரத்தில் சின்னதாக எழுத்து. பேரீச்சம்பழக்காரர் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே மாதிரி இன்னும் ஐந்து கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஊரைச் சுற்றச் சொல்லவில்லை. பார்ட்டி வந்தால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் நான் செய்ததைப் பார்த்துவிட்டுப் பழைய பெட்டியை எடுத்து மேசையில் வைக்கவில்லை. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இரவு போனில் அம்மாவிடம்தான் கொட்டினேன். "அப்பிடியா, அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் முடியப்போகும்போது அண்ணாச்சி கூப்பிட்டார். முகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"விசா முடியுதுல்ல பாப்பா. நீ ஊருக்குப் போய் இரு. வேலை விசா அங்கனயே வரும், அத வச்சு ஏறி வந்துரலாம். டிக்கெட்டுந்தான் இருக்கே, எதுக்கு வீணாப் போக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. அப்படி ஊருக்குப் போய் விசாவோடு திரும்பியவர்கள் அங்கேயே நாலு பேர் இருந்தார்கள். எப்படியும் வரத்தானே போகிறோம் என்று அறையில் குக்கர், தலையணை, பாதித் துணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சிவகாசிக்கு வந்து விசாவுக்காகக் காத்திருந்தேன். முதலில் அண்ணாச்சியிடம் கேட்டால் "போட்டாச்சு, வந்துரும்" என்பார். பிறகு "கொஞ்சம் லேட்டாவுது" என்றார். பிறகு நான் அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனாள். ஆடிக் கூட்டத்தில் நெரிந்து உள்ளே போய் மாவிளக்குப் போட்டாள். மாரியம்மனுக்கு முன்னால் நின்று கண்ணீர் வழிய உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீராம்குமார் வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைப் பூஜை போட்டு ஏஜென்ட்டுகளுக்குக் கொடுப்பார்கள், அதனால் அப்பா பிரஸ்ஸில் இருந்தார். ஸ்ரீராம்குமார் என் தாய்மாமா சபரிநாதனின் மகன். அச்சங்குளத்தில் அவர்கள் பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் கணக்கைப் பார்க்கிறான். எனக்கு முறைமாப்பிள்ளை. சின்ன வயதில் இருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயம், நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவன் மேல் எனக்குக் கோபமும் கிடையாது, ஆசையும் கிடையாது.

கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம், தோளில் புது லேப்டாப் பை. அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு முன் அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ரோஷினி, கொஞ்ச நேரம் ஒக்காந்து சொல்லிக் குடுக்கிறியா? இந்த மடிப்புக்குக் கோடு போடுறாகளே, அத எப்படிப் போடணும்? அட்டையில நாருன்னு ஒண்ணு இருக்காம்ல, அது என்னது?"

"உங்களுக்கு எதுக்கு அது?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"போறதுக்கு முன்ன கொஞ்சமாச்சும் தெரிஞ்சுக்கிட வேண்டாமா? நேத்து விசா வந்துருச்சுல்ல."

"எங்க?"

"துபாய்க்கு. லட்சுமிகாந்தம் அண்ணாச்சி கம்பெனிக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் குரல் இறங்கியது. "நீ வேண்டாம்னு சொன்ன எடந்தான? நீ இனிமே அங்கன போகலைன்னுட்டதா அத்தை சொன்னாக. அதுக்கப்புறந்தான் நான் சரின்னேன்."

அத்தை என்றால் என் அம்மா. அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது. நான் எழுந்து மாடிக்குப் போய் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கும்வரை போட்டேன்.

"ஸ்ரீராம்குமார் இங்க உக்காந்திருக்காரு, அண்ணாச்சி" என்றேன். "என் விசா என்னாச்சுன்னு இப்பவாச்சும் சொல்லுங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"ஒனக்கு விசா போடவே இல்ல பாப்பா. ஒங்கம்மா மொதல்லயே சொல்லித்தான் அனுப்புனாக. ரெண்டு மாசம் இருக்கட்டும், ஆச தீரட்டும், திருப்பி அனுப்பிருங்கன்னு. ஒங்க தாத்தா கடையில ஒக்காந்துதான் நான் யாவாரம் படிச்சேன். அவுக மக கேட்டா எப்பிடி மாட்டேன்னு சொல்றது?"

வெள்ளைத்துரை ஒரு பொய் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய் நிஜமான வேலையில் உட்கார்ந்துவிட்டார். என் டிக்கெட் நிஜம். வேலைதான் பொய். காட்டுவதற்கு மட்டும் போட்டது.

"அப்ப நான் பாத்த வேலை, அண்ணாச்சி?"

"அதத்தான் சொல்ல வாறேன். நீ இம்புட்டு நல்லா செய்வேன்னு நான் நெனைக்கல. நானே ஒங்கம்மாவுக்குப் போன் பண்ணுனேன். நெசமாவே எனக்கு வேணும், விசா போட்டுறட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். வேண்டாம்னுட்டாக. அந்த எடத்துக்கு அண்ணன் மகன எடுத்துக்கிடுங்கன்னாக. அவருக்கு டிசைன் தெரியாதேம்மான்னேன். இப்பதைக்குக் கணக்கப் பாக்கட்டும், கல்யாணத்துக்கு அப்புறம் ரோஷினி அவரு விசாவுல கூட வந்துருவா, டிசைன அவ பாத்துக்கிடுவான்னு சொன்னாக."

அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கூச்சம். இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி அம்மாவிடம் சந்தோஷத்தைக் கொட்டியிருக்கிறேன். இன்றைக்கு அண்ணாச்சி என்னைப் பாராட்டினார் என்று நான் குதித்தபோது, அதை அவள் ஏற்கெனவே அண்ணாச்சி வாயாலேயே கேட்டு, வேண்டாம் என்றும் சொல்லி முடித்திருக்கிறாள். பிறகு என்னிடம் "அப்பிடியா" என்று கேட்டிருக்கிறாள்.

கீழே சமையலறையில் அம்மா சித்ரான்னத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பைக் குறைத்து வைத்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"நான் என்ன ஒன்னக் கெணத்துலயா தள்ளிட்டேன்?" என்றாள். குரல்கூட உயரவில்லை. "ஒங்கப்பா மாதிரி வேண்டாம்னா சொன்னேன்? அனுப்பிச்சுத்தான வச்சேன். நான் மட்டும் அன்னைக்கு ஒனக்காக நிக்கலைன்னா நீ எவன் கம்பெனிக்காவது போய்ச் சேந்துருப்ப. அப்பிடிப் போன பிள்ளைக எத்தனை பேரு திரும்பி வந்துருக்காக, சொல்லு."

"அண்ணாச்சி எனக்கு நெசமாவே வேலை குடுக்கிறேன்னு கேட்டிருக்காரு. ரெண்டு தடவ."

"கேட்டாரு. அதுனாலதான எனக்கே அந்த யோசனை வந்துச்சு." அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ஏதோ கேட்டு, அதை அவள் வாங்கி வைத்திருக்கிற மாதிரி இருந்தது அந்த முகம். "நீ ஆசப்பட்ட ஊரு. நீ ஆசப்பட்ட வேலை. தனியாக் கெடந்து தவிக்க வேண்டாம், ஸ்ரீராம் இருப்பான். அவன் விசாவுல ஒன்னையும் சேத்துப் போட்டுக்கிடுவான். அவனுக்கு என்ன தெரியும், நீ சொல்றதுதான் அங்கன நடக்கும். எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கும்லம்மா."

"எல்லாம்னா? சம்பளம் அவருக்கு, பேரு அவருக்கு, விசா அவருக்கு. பெட்டி மட்டும் நான் செய்யணும். என் விசாவுல என்னன்னு போடுவாங்க தெரியுமா? சம்சாரம்னு போடுவாங்க."

"போட்டா என்ன? நான் அப்பிடி இருக்கல?"

அப்பாவின் பிரஸ்ஸில் எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு கடன் விடலாம், எவருக்கு எப்போது பேப்பர் இறக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்தச் சமையலறையில் நின்றபடி முடிவு செய்கிறவள் அவள்தான். போர்டில் இருப்பது அப்பா பெயர்.

"இருக்கன்குடியில என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"நீ நல்லா இருக்கணும்னுதான்" என்றாள். உடனே சொன்னாள், கொஞ்சமும் தடுமாறவில்லை. அவள் அப்படித்தான் வேண்டியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் தளர்ந்தது. என்னைப் பிரிய முடியாமல்தான் இதையெல்லாம் செய்திருக்கிறாள், பயந்துபோய்ச் செய்திருக்கிறாள், பெற்றவள்தானே என்று ஓடியது மனசு. இதற்கு மேல் நின்றால் என்னைச் சரி என்று சொல்ல வைத்துவிடுவாள் என்று பயந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"நான் ஸ்ரீராமைக் கட்டிக்கிட மாட்டேன்மா."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், அல்லது தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை எடுத்து வாணலியில் ஒரு கிண்டு கிண்டினாள்.

"சரி. அப்ப அவன் மட்டும் போவான். நல்ல எடம், வந்தத விட முடியுமா? அண்ணன் பாவம், அந்தக் கம்பெனியில ஒவ்வொரு வருசமும் லைசன்சுக்கு அலையுறாக. பையனாச்சும் வெளியில போய்ப் பொழைச்சுக்கிடட்டும்."

கடுகு கருகுகிற வாசனை வந்தது. நான் வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் இன்னொரு கணக்கு, இரண்டையும் அவள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறாள். இரண்டிலும் துபாயில் என் நாற்காலியில் ஸ்ரீராம்குமார் உட்கார்ந்திருக்கிறான். அந்த நாற்காலியை ஒரு கௌரவமான இடமாக்கியது நான். அதை அவளிடம் ராத்திரி ராத்திரி விவரமாகச் சொன்னவளும் நான்தான். என்னைப் பிரிய முடியாமல் செய்தாள் என்று நான் நினைத்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

"அப்பாகிட்ட இதெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "எம் மக துபாய்ல டிசைனர்னு பாக்கிற ஏஜென்ட்டுகிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. மனசு ஒடைஞ்சு போவாரு."

அது எனக்குத் தெரியாது. அப்பா ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

முன் அறைக்கு வந்தேன். ஸ்ரீராம்குமார் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பேசியது பாதி அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்திருந்தது. அவன் எழுந்து நின்றான். "நான் போகலைன்னு சொல்லிறட்டுமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு உடனே சமையலறைப் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே விடை இருந்தது.

"அத்தைகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றேன். "நாருன்னா என்ன, மடிப்புன்னா என்ன, எல்லாத்தையும் அவுககிட்டயே கேளுங்க. வேலை வாங்கிக் குடுத்தவுக அவுகதான."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைத் தாண்டி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணாச்சியை நம்ம ஆளு என்று சொன்னபோது இருந்த அதே இதமான குரலில் சொன்னாள்.

"அவ சொல்லிக் குடுப்பா தம்பி. கோவம் ஆறட்டும். நீ சாப்பிட்டுட்டுப் போ."

"மாட்டேன்" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

அம்மா இரண்டு இலையை எடுத்துக் கழுவி, ஒன்றை அவனுக்கும் ஒன்றை எனக்கும் போட்டாள். நான் வந்து உட்காருவேன், சாப்பிடுவேன், நாளைக்கோ மறுநாளோ அவனுக்குச் சொல்லியும் கொடுப்பேன் என்று அவள் முழுசாக நம்பினாள். அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. நான் அவளைத் தாண்டிப் போய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்வதற்காகப் பிரஸ்ஸுக்கு நடந்தேன்.